அக்காவின் வெயில்

போக்குவரத்துக் காவலரான அக்கா நாற்சந்தியில் நின்று வாங்கிய வெயில், தரைக்கு அடியில் இரண்டு தளம் இறங்கிக் கார் நிறுத்துமிடத்துச் சீட்டுக் கூண்டில் உட்கார்ந்திருந்த தங்கையின் தோலில் கறுத்தது. சிறுவயதில் இது யார் கண்ணிலும் படவில்லை. இருவரும் ஒரே தெருவில் ஓடியாடி, ஒரே அளவு வெயிலை வாங்கி, ஒருத்தியின் கறுப்பு இன்னொருத்திக்குப் போய், எல்லாம் தானாகவே நேராகிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. உச்சிவெயிலில் கை காட்டிக்கொண்டிருந்த அக்கா வருஷம் முழுக்கச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுப்பாகவே இருந்தாள். வெயில் பட்ட இடம் சிவந்து, எரிந்து, உரிந்ததே தவிர கறுக்கவில்லை. உடன் வேலை பார்த்த பெண்கள் என்ன க்ரீம் போடுகிறாய் என்று அவளை நச்சரித்தார்கள். குழல்விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் காணாத தங்கையோ மாதத்துக்கு மாதம் கறுத்துக்கொண்டே வந்தாள்.

வாட்ச் கட்டும் பழக்கமே இல்லாத தங்கையின் இடது மணிக்கட்டில் வாட்ச் அகலத்துக்கு வெளுப்பாக ஒரு வளையம் விழுந்தபோதுதான் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. தன் வாட்ச்சை வலது கைக்கு மாற்றிக் கட்டிப் பார்த்தாள். கொஞ்ச நாளில் தங்கையின் வளையமும் கை மாறியது. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே அம்மா இரண்டு பேர் கைகளையும் புரட்டிப் பார்த்தாள். "ஒரே தண்ணியில ஊறின துணி. ஒண்ணோட சாயம் ஒண்ணுல ஏறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள். வீட்டில் அதோடு பேச்சு முடிந்தது.

தங்கைக்கு முடியவில்லை. கூண்டுக்குள் அவளால் ஒரு நிலையில் உட்கார முடியாது. உட்காருவாள், எழுவாள், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வண்டி போன சரிவையே பார்ப்பாள். மேலே இப்போது மேகமா, வெயிலா என்பதுதான் அவள் கவலையெல்லாம். உள்ளே வரும் கார்கள் நனைந்திருந்தால் அன்று முகம் மலர்ந்திருப்பாள். அக்காவுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தாள், அகலத் தொப்பி வாங்கிக் கொடுத்தாள், கடைசியில் ஒரு குடையோடு நாற்சந்திக்கே போய் நின்றாள். "இதைப் பிடிச்சுக்கிட்டு நான் எந்தக் கையால வண்டியை நிறுத்துறது? போடி, லாரிக்காரன் சிரிக்கிறான்" என்று அக்கா விரட்டிவிட்டாள்.

இதற்கிடையில் அக்காவுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதிர்ந்து பேசாதவர். அக்கா இரண்டு தடவை உண்டானாள். இரண்டும் தங்கவில்லை. மாத்திரை, டானிக் என்று ஒன்று விடாமல் சாப்பிட்டும் தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவர் வேலை பார்த்த கட்டடத்தின் லிஃப்டுக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

தங்கைக்கும் ஒரு வரன் அமைந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர், சில வருஷத்துக்கு முன் எடுத்த அவள் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லியிருந்தார். நேரில் வந்தபோது அவருடைய அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பாதிக் காபிதான் தங்கையைத் தூங்கவிடவில்லை. மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"கல்யாணம் வரைக்கும் லீவு போடுக்கா. உனக்கென்ன, எவ்வளவு வெயில்ல நின்னாலும் அப்படியே பளிச்சுனு இருக்கே."

அக்கா முன்முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள். கொப்புளம் கட்டியிருந்தது. "கறுக்குறது உனக்கு, காயுறது எனக்கு. தலை பிளக்குதுடி. லீவெல்லாம் முன்னாடி ரெண்டு தடவையிலேயே தீர்ந்து போச்சு. இப்ப மறுபடியும் நாள் தள்ளிப் போயிருக்கு. இதுக்கு எங்க போய் லீவு கேக்குறது?"

கடைசியில் சொன்னது தங்கையின் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. "அப்போ என் கல்யாணம் நின்னா நிக்கட்டும்ங்கிறே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த வாரமே அக்காவுக்கு உதிரம் பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கரு தப்பிப் பிழைத்தது. டாக்டரம்மாவுக்குத் தூக்கமில்லாத கண்கள், ஆனால் பேச்சில் அவசரமில்லை. தங்கை வெயில் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்ல, அவர் இரண்டு பேர் மணிக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நான் படிச்ச புத்தகத்துல இது இல்லம்மா. ஆனா கண்ணால பார்த்துட்டு இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கறுப்புன்னா என்னன்னு நினைச்சீங்க? அது குடை. ஆதியில மனுஷன் உடம்புல இருந்த ரோமம் போய் வெறுந்தோலா நின்னப்போ, வெயில் உள்ள இறங்கி ரத்தத்துல இருக்குற ஒரு சத்தை அழிக்க ஆரம்பிச்சுது. வயித்துல இருக்குற பிள்ளைக்கு முதுகுத்தண்டு சரியா கூடுறதுக்கு அந்தச் சத்து வேணும். தோல் கறுத்தவங்களுக்குப் பிள்ளை தங்குச்சு. அப்படித்தான் கறுப்பு நிலைச்சுதுன்னு சொல்றாங்க."

"அப்போ வெளுப்பு?" என்றாள் தங்கை.

"நடந்து நடந்து வெயில் கம்மியான இடத்துக்குப் போனவங்க குடையைக் கொஞ்சம் கொஞ்சமா மடக்கிட்டாங்க. எலும்பு வளர வெயில் உள்ள போகணுமே."

"நாங்க ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தவங்க டாக்டர்."

"நிறத்துக்கு ஒரு ஜீன் இல்லம்மா, எத்தனையோ இருக்கு. ஒவ்வொண்ணும் ஆளுக்கொரு சொட்டு ஊத்தும். முகம் தெரியாத முப்பாட்டன் முப்பாட்டி எல்லாரும் ஊத்தினதுதான் நம்ம தோல். யாரோட சொட்டு யாருக்கு வரும்னு யாரு கண்டா?" என்று எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தங்கை மறுநாள் கூண்டில் உட்கார்ந்தபோது தன் முழங்கையைப் பார்த்தாள். அக்காவின் வயிற்றுக்கு வேண்டிய குடை, சூரியனே எட்டிப் பார்க்காத நிலவறையில் தன் மேல் விரிந்து கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆனால் அக்காவின் வெயில் தன்னிடம் வருகிறதென்றால் தன் வெயில் எங்கே போகும்? இத்தனை வருஷம் தனக்கென்று ஒரு துளி வெயிலும் வாங்காமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தவள் அதற்கு மேல் அங்கே இருக்க முடியாமல் எழுந்தாள். மேலாளரிடம் போய் மொட்டை மாடிக் கார் நிறுத்தத்துக்கு மாற்றல் கேட்டாள். நிழலுக்கு ஒரு தகரம்கூட இல்லாத அந்த இடத்துக்கு ஆளே கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த மேலாளர், மனசு மாறிவிடப் போகிறாளோ என்று அப்போதே விசிலைக் கையில் கொடுத்தார்.

மாடியில் சிமெண்டுத் தரை அனலாகத் தகித்தது, கார்க் கண்ணாடிகள் கண்ணைக் குத்தின. அவளுக்கோ ஒன்றும் செய்யவில்லை. அக்காவிடமிருந்து வந்து சேர்ந்த கறுப்பு அவளை நிழல்போல மூடியிருந்தது. சில வாரங்களில் அக்காவின் கழுத்தில் தங்கையின் விசில் கயிற்றுத் தடம் மெல்லிய வெளுப்பாக விழுந்தது. அதைச் சுற்றிக் கன்னமும் கையும் பழுப்பாகி, பிறகு கறுத்தன. சம்பளமில்லா விடுப்பு முடிந்து நாற்சந்திக்குத் திரும்பிய அக்காவுக்குத் தலைவலி நின்றது. இப்போது தங்கை மேகத்தைப் பார்த்தால்தான் படபடத்தாள். மூடாக்காக இருந்த நாட்களில் சாப்பாட்டு வேளையிலும் கீழே இறங்காமல், எங்காவது ஒரு கீற்று விழுகிறதா என்று மாடியின் மூலைக்கு மூலை அலைந்தாள்.

மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருநாள் காரை மாடிக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கி, அவளிடம் ஒரு கறுப்புக் கண்ணாடியை நீட்டினார்.

"அம்மாவை நான் சரி பண்ணிடுவேன். நீ பழையபடி கீழ வேலைக்குப் போயிடு, அது போதும்."

"நான் கீழ போனா அங்க ஒரு பிள்ளை கலைஞ்சிடும்ங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். புரிந்தது, ஆனால் அதனால் ஒன்றும் மாறவில்லை. கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பின்னால் ஒரு விளக்குக் கம்பம் இருந்ததால் அவள் விசில் ஊதி, வலது, இடது என்று கை காட்டி அனுப்பிவைத்தாள். அன்று முழுவதும் அவள் படிக்கட்டு நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை.

மாதம் நிறைந்து அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பாவைப் போலவும் இல்லை, அம்மாவைப் போலவும் இல்லை. யாருடைய நிறம் என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆளில்லாத ஒரு நிறம். காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. லிஃப்டுக்காரர் ஜன்னலோரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாதங்கள் போயின. குழந்தையின் நிறம் இம்மியும் மாறவில்லை. பெரியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் கறுப்பு ஏறவில்லை.

"அப்போ இவ வெயில் எங்கதான் போகுது?" என்றார் அவர்.

"எங்கயோ ஒருத்தருக்குப் போய்க்கிட்டிருக்கும் மாமா. அவங்களுக்கு வேண்டியிருக்கும்" என்றாள் தங்கை.

வேறெந்த வேலை கிடந்தாலும் காலையில் குழந்தையை ஜன்னலுக்குக் கொண்டுபோவதை அதன் பிறகு ஒருவரும் தவறவிடவில்லை. மழைக்காலத்தில் மட்டும், அந்த ஒருத்தரை நினைத்து, வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் கவலையாக இருக்கும்.