மாமரம் பார்க்கப் போனவர்

பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். எட்டரைக்கே ஷைஜா ஃபைலைப் பையில் வைத்துவிட்டாள். மார்பில் கட்டி, சதை எடுத்துப் பரிசோதித்ததன் முடிவு இன்று. "கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். அதன் அர்த்தம் புரியாத அளவுக்கு ஷைஜா குழந்தையில்லை.

அவள் கணவன் பவித்திரன் சட்டை மாட்டும்போது போன் வந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் குஞ்ஞம்பு மேஸ்திரி இறந்துவிட்டார். சிதைக்கு மாமரம் வெட்ட வேண்டும்.

"எந்த மரம்னு காட்டிட்டு வந்துடறேன். அரை மணி நேரம்."

"பவியேட்டா, இன்னைக்கு வேண்டாம்."

"நான் போகாம அங்க ஒண்ணும் நடக்காது ஷைஜா."

கண்ணூர்ப் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் இந்த நினைப்பில்தான் வாழ்கிறார்கள். சாவு வீட்டில் முன்னால் நிற்பவனுக்கு இங்கே தனி மதிப்பு. தார்ப்பாய் கட்ட, நாற்காலி இறக்க, மரம் பார்க்க என்று இருபது வருடமாகப் பவித்திரன்தான். மகள் பிறந்த அன்றும் யாரோ ஒருவருடைய முற்றத்தில்தான் நின்றான்.

மேஸ்திரி வீட்டில் மூன்று மாமரங்கள். ஒன்று மின்கம்பியில் சாய்ந்திருந்தது. இன்னொன்று துபாயில் இருக்கும் மருமகனுடையது. கேட்காமல் தொட முடியாது. மூன்றாவது சிதைக்குப் போதாத இளமரம். பேச்சு வளர்ந்தது.

"பவி ஒரு பார்வை பார்த்தா மரம் தானா படுத்துக்கும்" என்றான் ஒருவன். பவித்திரனுக்கு அது இனித்தது. ஷைஜாவின் போனை இரண்டு முறை துண்டித்தான். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. மணி பத்தே முக்கால்.

மேஸ்திரியின் மகள் பிரசீதா வீங்கிய கண்களோடு வெளியே வந்தாள். "ஷைஜா சேச்சிக்கு இன்னைக்குத்தானே ரிசல்ட்?"

"போகணும். மரம் மட்டும்..."

"அச்சனுக்கு இனிமே எந்த அவசரமும் இல்ல. மரத்துக்கு முப்பது பேர் நிக்கறாங்க. அவளுக்கு யார் நிக்கறா?"

பவித்திரன் ஸ்கூட்டரை எடுத்தான். "சாவு வீட்டுக்கு வந்துட்டுக் குளிக்காமலா போறே?" என்று யாரோ கத்தினார்கள். அவன் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷைஜா தனியாக உட்கார்ந்திருந்தாள். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது.

"புத்துநோய்தான். ஆபரேஷன் பண்ணினா பொழைச்சுக்கலாமாம். சொல்றதுக்கு முன்னாடி டாக்டர் என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். காலியா இருந்தது."

"ஷைஜா, நான்..."

"நான் செத்தா முதல் ஆளா நிப்பீங்க, தெரியும். அன்னைக்கு ஊரே வரும், நீங்க ஒருத்தர் இல்லேன்னாலும் காரியம் நடக்கும். யார் வேணும்னாலும் செய்யற வேலைக்கு ஓடி ஓடி, நீங்க மட்டுமே நிக்க வேண்டிய இடத்தைக் காலியா விட்டீங்க. நேரத்தை உசுரோட இருக்கறவங்களுக்குக் குடுங்க பவியேட்டா. செத்தவங்களுக்கு அது எதுக்கு?"