ஒட்டிக்கொண்டவை

சித்தப்பாவின் மீன் காட்சியகத்தில் எல்லாத் தொட்டிக்கும் மூலை உண்டு. சீப்பு ஜெல்லிகள் என்ற கண்ணாடி உடம்புக் கடலுயிர்களின் தொட்டிக்கு மட்டும் கிடையாது. மூலையில் ஒதுங்கினால் கிழிந்துபோகும் உடம்பு அவற்றுக்கு. அதனால் வட்டத் தொட்டி. தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், அவையும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அவற்றைப் பார்த்துக்கொள்பவள் அவள். அப்பா போனபின் அவளைப் படிக்கவைத்தவர் சித்தப்பா. அவர் பேச்சை மீற வாய் வராது. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கண்ணாடி இல்லாத இடத்தில் இதே உயிர்களைப் பார்க்கலாம். கெஞ்சிக் கூத்தாடியதில் சித்தப்பா இறங்கிவந்தார்.

“அந்தத் தொட்டிய ஒருத்தரும் எட்டிப்பார்க்கறதில்ல. ஞாயித்துக்கிழமையோட மூடிடறேன். அதுங்களக் கடல்ல விட்டுட்டு நீ கெளம்பு.”

ஞாயிறன்று சித்தப்பா மகன் உதவிக்கு வந்தான். கைபட்டதெல்லாம் உடைவதால் வீட்டில் அவனுக்குப் புயல் என்று பெயர். வலை கூடாது, குவளையைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து அள்ள வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவள் வாளி எடுத்துவருவதற்குள் வலையைப் போட்டுவிட்டான். இரண்டு ஜெல்லிகளின் பக்கவாட்டுச் சதை பிய்ந்தது.

“கொஞ்சம் கெட்டியா இருக்கும்னு நெனச்சேன்கா.”

“உன் மண்டை மாதிரியா?”

மற்றவற்றைக் கடலில் விட்டாள். காயம்பட்ட இரண்டையும் அப்படியே விட மனம் வரவில்லை. சீக்கிரம் ஆறிவிடும் இனம், காலையில் விடலாம். கழுவிக் காலியாக இருந்தது ஒரே கிண்ணம். இரண்டையும் அதில் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

காலையில் கிண்ணத்தில் ஒன்றுதான் இருந்தது, இரண்டு பங்கு பெரிதாக. இரண்டும் ஒட்டி ஒன்றாகியிருந்தன. காயத்தின் கோடுகூட இல்லை. ஒரு பக்கம் மெல்லத் தொட்டாள். இரண்டு பக்கமும் சுருங்கின. ஒரு வாய்க்கு இரை கொடுத்தாள். அது கரைந்து மற்றதன் வயிற்றுக்கும் போயிற்று. விளக்கைப் போட்டாள். சீப்புப் பற்கள்போல வரிசை கட்டிய இழைகள் துடித்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் உடம்பு நெடுக ஓடின. சொந்த நிறங்கள் அல்ல அவை. வெளிச்சம் இழைகளில் பட்டுச் சிதறுவது. விளக்கை அணைத்தால் ஒன்றுமில்லை.

அதைக் கடலுக்குக் கொண்டுபோக வாளியோடு திரும்பியபோது சித்தப்பா கிண்ணத்தின்மேல் குனிந்திருந்தார்.

மதியத்துக்குள் அது வட்டத் தொட்டிக்குள் இருந்தது. முன்னால் கூட்டம். சித்தப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“இனி இத எவன் மூடுவான்? கப்பல் எங்கயும் ஓடிப்போயிடாதும்மா.”

“கப்பல் ஓடத்தான் செய்யும் சித்தப்பா. புதன்கிழமை.”

“சரி சரி. இதமாதிரி இன்னொண்ணு பண்ண முடியுமா?”

முடியாது என்றால், இந்த ஒன்றைக் காக்க அவள் இங்கேயே கிடக்க வேண்டும். முடியும் என்றால் போகலாம். ஒரு பிளேடு, ஒரு கிண்ணம் போதும், புயலே செய்துவிடுவான். கடலிலிருந்து அள்ளி அள்ளி வெட்டுவான். கேட்க ஆளிருக்காது.

“பிச்சுப் பக்கத்துல போட்டா ஒட்டிக்கும் இல்லக்கா?” என்றான் புயல். “நேத்து அப்படித்தானே ஆச்சு?”

சித்தப்பா அவளைப் பார்த்தார். இந்த விஷயத்தில் அவள் சொல்தான் அவருக்கு வேதவாக்கு.

“இல்லடா,” என்றாள். “என்னமோ குருட்டாம்போக்குல நடந்தது. இனி நடக்காது.”

“அப்ப நீ இத விட்டு அசையவே கூடாதும்மா,” என்றார் சித்தப்பா.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கப்பல்காரர்களுக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள். ஏன் என்று கேட்டார்கள்.

“வீட்டுல ஒரு வேலை” என்றாள்.

அதற்குள் வெளியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். பின்னால் நிற்பவர்களுக்கு நிறம் தெரியவில்லையாம். விளக்கைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டுமாம்.