யோகோஹாமாவில் நசுங்கிய எலுமிச்சம்பழம்

கண்டெய்னர் கதவைத் திறந்ததும் தலையில் கை வைத்தேன். அனந்தலக்ஷ்மி மாமி ஒன்றரை வருடமாகக் காத்திருந்த ஜப்பான் மின்சாரக் கார், வெளிர் நீலத்தில் சமர்த்தாகத்தான் நின்றது. ஆனால் அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். முன் சக்கரத்தின் வரிகளுக்குள் எலுமிச்சம்பழத் தோல்.

கல்கத்தா துறைமுகத்தில், கிடர்பூரில், இருபத்தாறு வருடமாகக் கஸ்டம்ஸ் கிளியரிங் பார்க்கிறேன். வெளிநாட்டுக் காரை முறைப்படி இறக்க என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். பில் நேராக மாமி பெயருக்கு வர வேண்டும். எந்த நாட்டிலும் பதிவாகியிருக்கக் கூடாது, யாருக்கும் ஓட்டக் கொடுத்திருக்கக் கூடாது. அப்போதுதான் அது புதுக் கார். பழைய கார் என்று முடிவானால் சட்டமே வேறு. கல்கத்தாவில் இறக்கவே முடியாது, பம்பாய் வழியாகத்தான் வரவேண்டும். இத்தனை காகிதத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்த எனக்கு, சந்தனத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

பரிசோதிக்க வந்த கஸ்டம்ஸ் அதிகாரி கோஷால் பாபு நல்ல மனிதர். நல்லவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். காரைச் சுற்றி வந்தார். குங்குமத்தை உற்றுப் பார்த்தார். குனிந்து டயரைப் பார்த்தார்.

"செல்வராஜ், இது எத்தனை நாள் ஓடிய வண்டி?" என்று வங்காளியில் கேட்டார். விசுவகர்மா பூஜைக்குத் தன் ஸ்கூட்டருக்கு மாலை போடுகிறவர் அவர். குங்குமம் தொழிற்சாலையிலேயே வைத்தது என்று அவரிடம் கதை விட முடியுமா?

கூடவே வந்திருந்த மாமியை ஓரமாக அழைத்துப் போனேன். லேக் கார்டன்ஸில் தனியாக இருப்பவர், பேங்க் அதிகாரியாக ஓய்வு பெற்றவர்.

"மாமி, யாரு பாத்த வேலை இது?"

"ஸ்னேகாதான் ஷோரூமுக்குப் போய்ட்டு வந்தேன்னா. ஆனா அவளா இருக்காதே! ஆயுத பூஜைக்குப் பொட்டு வைடின்னா சண்டைக்கு வருவாளே."

ஸ்னேகா மாமியின் ஒரே மகள், யோகோஹாமாவில் வேலை. போன் போட்டேன்.

"ஐயோ அங்கிள், தப்பா? ஷோரூம் யார்டுக்குள்ளதான் பண்ணேன். ரோடுக்கே எடுக்கல, ப்ராமிஸ்! சேல்ஸ்மேன் வீடியோ எடுத்தார், அனுப்பறேன். அம்மாகிட்ட மட்டும் காட்டாதீங்க, ப்ளீஸ்."

வீடியோ வந்துவிட்டது, எங்கே காட்டாமல் இருப்பது? மாமி என் தோளை இடித்துக்கொண்டு நின்றார், மறுபக்கம் கோஷால் பாபு.

வீடியோவில் ஜீன்ஸ் போட்ட பெண் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கோட்டு போட்ட ஜப்பான்காரர் ஒருவர் கவலையோடு காரை நகர்த்தினார். பழங்கள் நசுங்கின. நான்கடி தாண்டி நிறுத்திவிட்டு இறங்கியவர், காரைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். கோஷால் பாபு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு அந்தப் பெண் பானெட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துத் தமிழில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் கோஷால் பாபு.

'எங்கம்மா அறுபத்திரண்டு வயசுல கார் ஓட்டக் கத்துண்டிருக்கா. பக்கத்துல உக்கார நான் இல்ல. நீ பாத்துக்கோ.'

இதை வங்காளியில் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கஸ்டம்ஸ் வாசலில் இருபத்தாறு வருடத்தில் இப்படி ஆனதில்லை.

கோஷால் பாபு ஃபைலை வாங்கினார். எங்கும் பதிவாகவில்லை என்ற விற்பனையாளர் கடிதத்தை ஒருமுறை, மறுபடி ஒருமுறை படித்தார். சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டார். ஃபைலை பானெட்டின் மேல், குங்குமம் கலையாமல் சற்றுத் தள்ளி வைத்து, பேனா மூடியைத் திறந்தார்.

நான் அந்தப் பேனாவையே பார்த்தேன். மாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, இரண்டு விரல்களால் திரையை விரித்து விரித்து, மகளின் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.