ஊதாக் கோட்டும் பச்சைக் கோட்டும்

1994 அக்டோபர் 3, திங்கட்கிழமை காலையில், ஸ்பெயினின் கொருன்யா நகரத்தில் ஒப்துலியாவின் கடை நிறைய ஊதாக் கோட்டுகள் விற்காமல் தொங்கின. அவை விற்காவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் கடையை மூட வேண்டியதுதான். குளிர்காலத்தில் பெண்கள் எதை உடுத்த வேண்டும் என்பதை மார்ச்சிலேயே தீர்மானித்து, துணி முழுவதற்கும் சாயமேற்றச் சொன்னவர் அவரே. அதுதான் ஒழுங்கு என்று நம்பியிருந்தார். ஆனால் அந்த ஊதாக் கோட்டை அணிந்து கண்ணாடி முன் நின்றபோது, கத்தரிக்காய்க்குக் கைகால் முளைத்தது போலிருந்தது. ஆகவே யாரும் பார்க்காத நேரத்தில், தமக்கொரு கோட்டு வாங்க எதிர்க்கடைக்குள் நுழைந்தார்.

பிடித்தது எதுவும் அங்கே இல்லை.

"எப்படிப்பட்டது தேடுறீங்க, சொல்லுங்கம்மா" என்றாள் விற்பனைப் பெண்.

கேட்ட கேள்விக்கு முழுமையாக விடை தருவது ஒப்துலியாவின் வழக்கம். பாசிப் பச்சை நிறம், மழைக்குத் தலைமூடி, சாவி விழாத ஆழத்தில் பை என்று வரிசையாகச் சொன்னார். அவள் அதை உடனே தொலைபேசியில் தங்கள் தையற்கூடத்துக்குச் சொன்னாள். அங்கே, கேட்ட நிறத்தை உடனே ஏற்றித் தைக்க, சாயமேற்றாத துணி எப்போதும் தயாராக இருக்கும்.

மாதம் முடிவதற்குள், ஒப்துலியாவின் தையற்காரி சபேலாவே அதே மாதிரிப் பச்சைக் கோட்டோடு வேலைக்கு வந்தாள்.

"எதிர்க்கடையில வாங்கினேம்மா. கோவிச்சுக்காதீங்க. பையைப் பாருங்க, என்ன ஆழம். எந்தப் புத்திசாலி யோசிச்சாளோ."

"அந்தப் புத்திசாலி நான்தான்டி. நம்ம கடைய மூட நானே அளவு குடுத்துட்டு வந்திருக்கேன்."

சபேலா சிரித்து ஓய்ந்தபின் சொன்னாள்: "அவ கேட்டா, சொன்னீங்க. நாம யாரையும் கேட்டதே இல்லியேம்மா."

அன்று மாலை முடிவாயிற்று. இனி பாதித் துணி சாயமேற்றாமல் வைக்கப்படும். என்ன வேண்டுமென்று வாடிக்கையாளர்களை ஒப்துலியாவே கேட்பார். ஊதாக் கோட்டுகள் பாதி விலைக்குப் போகும், ஒன்றைத் தவிர. அதை இந்தக் குளிர்காலம் முழுவதும் அவரே அணிவார்.