மாமா சுட்ட தோட்டா

அருணகிரிக்கு முதலில் துரோகம் செய்தவர் அவருடைய அக்காள் கணவர் சௌந்தரபாண்டி. மூத்த மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் அருணகிரியின் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையைத் தூக்கித் தன் தம்பி மடியில் வைத்தார். அது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், திருமங்கலத்தில். இரண்டாவது துரோகம் தென்னாப்பிரிக்காவில், மொஹாபியின் வேட்டைப் பண்ணையில் நடந்தது. சுட்ட தோட்டா அங்கே மனிதன் நடக்கிற வேகத்தில் போகும்.

துப்பாக்கியை விட்டு வெளியே வந்ததும் தோட்டா நெஞ்சு உயரத்தில் மிதந்து, குறி வைத்த மிருகத்தின் பின்னாலேயே போகும். சுட்டவர் கூடவே நடக்க வேண்டும். அவர் பக்கத்தில் இருந்தால்தான் அது பாயும். அவசரத்துக்கு ஒதுங்க வேண்டுமென்றால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அதில் வழிகாட்டி சேர்த்தியில்லை. ஒருவருமே இல்லாமல் விட்டுவிட்டால், தோட்டா திரும்பி, சுட்டவரைத் தேடிப் போய்விடும். அடுத்தவர் தோட்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இதையெல்லாம் வழிகாட்டி மொஹாபி முதல் நாளே தமிழில் சொல்லிவிட்டார். வருகிறவரின் மொழியில் பேசுவது பண்ணை வழக்கம்.

சௌந்தரபாண்டிக்கு டர்பனில் மளிகைக் கடை. மைத்துனனுக்கு அறுபது வயது முடிந்ததற்காக அவர்தான் டிக்கெட் அனுப்பி வரவழைத்தார். "மொத சூடு ஒன்னுதுதான் மாப்ளே" என்று போனில் மூன்று தடவை சொன்னார். லாரிப் பட்டறையில் நாற்பது வருஷம் வெல்டிங் வைத்த அருணகிரிக்கு, எதிலும் முதல் ஆளாக நின்ற ஞாபகம் இல்லை. அதனால்தான் விமானம் ஏறினார்.

மூன்றாம் நாள் காலை, முள்மரத்தடியில் ஒரு குடு மான் நின்றது. கொம்பு திருகித் திருகி மேலே போகும் பெரிய மான். மொஹாபி மூன்று கால் குச்சியை நட்டுத் துப்பாக்கியை அதன்மேல் வைத்தார். அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தள்ளு மாப்ளே, எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் காட்றேன்" என்றார் சௌந்தரபாண்டி. காட்டும்போதே சுட்டுவிட்டார்.

தோட்டா வெளியே வந்தது. குடு அதைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கியது. மூன்று பேரும் பின்னால் நடந்தார்கள். அரை மணி நேரத்தில் சௌந்தரபாண்டி வயிற்றைப் பிடித்தார். "கொஞ்ச நேரம் இதப் பாத்துக்க மாப்ளே, வந்துர்றேன்." புதருக்குப் பின்னால் போனார். அப்புறம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஆகிவிட்டது. முன்னால் குடு, நடுவில் தோட்டா, பின்னால் அருணகிரி. குடு மேயும்போது தோட்டா நிற்கும், மொஹாபி கொண்டுவரும் சோளக்களியை அருணகிரி சாப்பிடுவார். குடு தூங்கினால் அவரும் தூங்கலாம், ஒரு கை மட்டும் தோட்டா பக்கம் இருக்க வேண்டும். எதிரே ஒரு ஜெர்மன்காரர் வரிக்குதிரைக்குப் பின்னால் தன் தோட்டாவோடு போனார், தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். ஆறாம் நாள் தரையில் தன் செருப்புத் தடத்தையே பார்த்தார் அருணகிரி. மானைத் தான் துரத்துகிறோமா, மான்தான் தன்னை எங்கேயோ கூட்டிப் போகிறதா என்று விளங்கவில்லை. ஒருவேளை கோபமே தப்பான ஆள் மேல் இருக்கிறதோ என்றும் தோன்றியது. உடனே காதுகுத்து ஞாபகம் வந்து, இல்லை, சரியான ஆள்தான் என்று ஆனது.

பத்தாம் நாள் மொஹாபி போன் போட்டுக் கொடுத்தார்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"கடையிலதான். வயிறு இப்பத் தேவல."

"பத்து நாளாச்சு."

"நல்லா நடந்திருப்ப. சுகருக்கு ரொம்ப நல்லது."

"வந்து ஒங்க தோட்டாவ வாங்கிக்கங்க. எனக்கு என் மொறை வேணும்."

"சரக்கு எறங்குது மாப்ளே. எதுக்கு நீட்டிக்கிட்டு? அத ஒன்னுதுன்னே வச்சுக்கயேன்."

போன் வைக்கப்பட்டது. மொஹாபி இடுப்பிலிருந்து பதிவேட்டை எடுத்தார். "ஒத்துக்கிட்டா பேர மாத்திரலாம் ஐயா. ஒரு எட்டுல பாஞ்சுரும். ஒங்க மொறையும் முடிஞ்சுரும்."

குடு நின்று திரும்பிப் பார்த்தது. அதற்கும் கால் ஓய்ந்திருந்தது.

"நான் சுடல" என்றார் அருணகிரி. "சுடாத தோட்டாவுக்கு நான் எதுக்குப் பேர் குடுக்கணும்?"

"அப்ப விட்டுட்டு வந்துருங்க."

அருணகிரி ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி வைத்தார். தோட்டா லேசாக நடுங்கி, மூக்கைத் தென்கிழக்கே திருப்பியது. டர்பன் அந்தப் பக்கம்தான். கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும் மனிதரின் முதுகு மனதில் வந்தது. அது அவருக்கு அவ்வளவு வருத்தமாக இல்லை. அப்புறம் அக்காள் குருவம்மாளின் கழுத்து வந்தது. ஓடிப்போய்த் தோட்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அப்ப நாமதான் அவர்கிட்டப் போகணும்" என்றார் மொஹாபி.

ஜீப்பில் முதலில் ஏறியது குடு. "அதுக்கும் ஒரு முடிவு தெரியணும்ல ஐயா" என்று கதவைச் சாத்தினார் மொஹாபி. தோட்டா குடுவுக்கும் அருணகிரிக்கும் நடுவில் மிதந்தபடி வந்தது. வழியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"யாரோட தோட்டா?"

"எங்க மாமாவோடது."

"கூட ஆள் இருக்கீங்கள்ல?"

"இருக்கேன்."

"போங்க."

டர்பன் வீட்டில் அக்காள்தான் கதவைத் திறந்தாள். "வாடா தம்பி, எளச்சுப் போயிட்ட." பிறகு குடுவிடம், "நிலைப்படி தட்டும், கொம்பச் சாய்ச்சு வாங்க" என்றாள்.

ஹாலில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரிடமும் சௌந்தரபாண்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருள்கள். ஒருவர் அந்தரத்தில் நிற்கும் கேரம் காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள், அவர் பாதியில் விட்டுப்போன தும்மலை ஊறுகாய் ஜாடியில் வைத்து மூடியை அழுத்திப் பிடித்திருந்தார்.

அக்காள் டோக்கன் கொடுத்தாள். குடுவுக்குப் பத்து. அருணகிரிக்குப் பதினொன்று.

"அக்கா, நியாயமா எனக்குத்தான் மொத நம்பர்."

"இங்க இருக்கிற எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. மான் ஒனக்கு முன்னாடி வாசப்படி தாண்டுச்சு, நான் என்ன செய்ய?"

"மாமா எங்க?"

"பண்ணைக்குத்தான் போயிருக்காரு. நீ வேலையா இருக்கியாம், ஒன் மொறைய அவரே சுட்டுட்டு வந்துர்றேன்னு காலையில கெளம்புனாரு. வழியில பாக்கலியா?"

அருணகிரி வாசல் பக்கம் திரும்பினார். தோட்டாவும் திரும்பியது.

"நீ அங்க போனீன்னா அவர் இங்க வந்துருவாரு" என்றாள் அக்காள். "பேசாம இரு."

ஒன்பதாம் எண்காரர் தும்மல் அம்மாள் பக்கம் நகர்ந்து சோபாவில் இடம் விட்டார். குடு காலை மடக்கி உட்கார்ந்தது. அருணகிரி நின்றுகொண்டார். பதினொன்றாம் எண்ணுக்கான நாற்காலியை மாமா வரும்போது எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தாராம்.