புதன்கிழமை வருகிறவர்கள்

சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிறவன் அவன். பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில், வரிசையாக வைத்த திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். சோப்பு வாங்க வந்தவர் அதை எடுத்து மோந்து பார்த்தாலே இவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கடையில் எல்லாரும் அவனைக் 'கேமரா' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் மற்றவர்கள் அடையாள அட்டையைக் கழற்றி வைப்பார்கள். இவன் கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா? வீட்டுக்கும் அதே கண்ணோடுதான் போனான்.

அந்தக் கண்ணில்தான் ஒருநாள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவின் தலையணைக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்த துண்டுப் பிரசுரம் பட்டது. மேலே சிலுவைப் படம், கீழே பாப்டிஸ்ட் சபையின் விலாசம். மனைவியைக் கூப்பிட்டு விசாரித்தான். அவள் பூசி மெழுகவில்லை. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் புதன்கிழமை மத்தியானங்களில் வருகிறார்கள், சபையிலிருந்து வீடு வீடாகப் போய்த் தங்கள் விசுவாசத்தைச் சொல்கிறவர்கள், மாமாவோடு பேசிக்கொண்டிருப்பார்கள், வேதம் வாசிப்பார்கள், மாமாவுக்கும் அது பிடித்திருக்கிறது என்றாள். அந்த நேரத்தில் தானும் கொஞ்சம் கண்ணயர முடிகிறது என்பதையும் கூச்சப்படாமல் சேர்த்துக்கொண்டாள்.

"சும்மாவா வர்றாங்க?"

"சும்மாதாங்க. போன வாரம் ஃபேன் ரெகுலேட்டரைக்கூட மாத்திக் குடுத்தாரு. காசு வேணாம்னுட்டாரு."

அவனுக்கு இடித்தது அதுதான். இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும். கடையில் அந்த விளம்பரப் பலகைகளுக்கு நடுவிலேயே பிழைக்கிறவனுக்குத் தெரியாததா? வீட்டை எழுதி வாங்கிக்கொள்வார்களோ என்று அவன் பயப்படவில்லை. பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து, வாயும் கோணி, அப்பாவில் பாதிதான் அவனுக்கு மிஞ்சியிருந்தது. அந்தப் பாதியையும் பேசிப் பேசியே தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டால்? உடம்பைக் கழுவித் துடைக்க மகன், மனசுக்கு வேறு ஆளா? நினைக்க நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதாக்குறைக்குத் தொட்டி விஷயம் வேறு. அந்தச் சபையில் ஞானஸ்நானம் என்றால் தலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் கிடையாதாம். நம்புகிறேன் என்று தன் வாயால் சொன்ன ஆளைப் பெரிய தொட்டியில் இறக்கி, தலை மறையும்வரை முழுக்கி எடுப்பார்களாம். மாமா அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று மனைவி விளையாட்டாகச் சொன்னாள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டான். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு. அப்பாவுக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றான். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். எலக்ட்ரீஷியனின் சட்டைப்பையில் டெஸ்டர் செருகியிருந்தது. அவர் மனைவி வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார். அப்பாவின் முதுகுக்குத் தலையணையைச் சரியாக வைத்தார்கள். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படாமல் இவனுக்குக் கால் கடுக்கத் தொடங்கியபோது, அப்பா குழறிக்கொண்டே சொன்னார்.

"நானும்... நம்புறேன். என்னையும் முழுக்குங்க."

கதவிடுக்கில் இவனுக்கு ரத்தம் கொதித்தது. இனி எலக்ட்ரீஷியனுக்கு வாயெல்லாம் பல்லாகும், அந்த நிமிஷம் வெளியே பாய்ந்துவிட வேண்டியதுதான் என்று காத்திருந்தான். அவரோ நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதை நம்புறீங்க ஐயா?"

"நீங்க சொல்றது எல்லாத்தையும்." அப்பா அவசரப்பட்டார். "தலை நனையுமில்ல? நல்லா... முங்குமில்ல?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவரின் கையைத் தொட்டு, அவராகத்தானே தன் வாயால் சொல்கிறார், இதைவிட வேறென்ன வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். ஆசைப்பட்ட ஒன்று கைக்கு வந்தும் எடுத்துக்கொள்ள முடியாத வருத்தம் எலக்ட்ரீஷியனின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஐயா, நீங்க நம்பி அந்தத் தொட்டியில இறங்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. மறைக்க மாட்டேன். ஆனா இப்ப நீங்க கேக்குறது குளியல். அதை ஞானஸ்நானம்னு சொல்லி நான் கூட்டிட்டுப் போனா பொய்யாயிடும். குளிக்கணும்னு மகன்கிட்டயே சொல்லலாமே?"

அப்பா நல்ல கையால் போர்வையின் நுனியைத் திருகினார்.

"தினமும் ஈரத்துணியால துடைக்கிறான். நல்லாத்தான் துடைக்கிறான்." பிறகு சொன்னார்: "கேட்டா... எதுக்குன்னு கேப்பான்."

இவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்போதும் புத்தி போகிறதா? தான் நிற்பது தெரிந்துதான் இந்த எலக்ட்ரீஷியன் நாடகம் ஆடுகிறாரோ என்று நினைத்தான். முகம் ஏமாற்றும், கைதான் காட்டிக்கொடுக்கும் என்பது அவன் தொழிலில் கற்றது. எலக்ட்ரீஷியனின் கையைப் பார்த்தான். அது அப்பாவின் கோணல் வாயில் வழிந்த எச்சிலைத் துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்துச் செய்ததாகக்கூடத் தெரியவில்லை.

வெளியே வந்தான். அந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்தார். செருப்பு இன்னும் தன் கையில் இருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எலக்ட்ரீஷியன் செருப்பைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"குளியலறை வரைக்கும் தூக்க ஒரு கை குடுக்குறீங்களா?" என்று மட்டும்தான் அவனால் கேட்க முடிந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் நெஞ்சோடு துண்டைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். இவன் வெதுவெதுப்பான தண்ணீரை மொண்டு அப்பாவின் தலையில் ஊற்றினான். இப்போது அந்த ஆள் ஏதாவது ஜெபத்தை முணுமுணுத்துவிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் ஊற்றினான். எலக்ட்ரீஷியன், "கண்ணை மூடிக்கோங்க ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பா மூச்சுத் திணறி, தும்மி, பிறகு தண்ணீரைக் கொப்பளித்தபடி சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பை அவன் மறந்தே போயிருந்தான்.

துவட்டிவிடும்போது அப்பா நல்ல கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு... எனக்காகவா லீவு போட்ட?"

அவன் தலை நிமிர்த்தி எலக்ட்ரீஷியனைப் பார்த்தான். இடுப்புவரை நனைந்து நின்ற அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும்.

"ஆமாம்ப்பா" என்றான்.

எலக்ட்ரீஷியன் குனிந்து, நனைந்த கால்சட்டையின் நுனியைப் பிழிய ஆரம்பித்தார். பிழிந்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"அடுத்த புதனும் போடு" என்றார் அப்பா.