நான்காம் நோயாளியின் காது

முதல் குத்து, இதழின் பக்கங்களை வடிவமைப்பவரின் மூக்கில் விழுந்தது. "யாருங்க வேணும்?" என்று கேட்டு வழிமறித்ததைத் தவிர அந்த மனிதர் வேறு பாவம் எதுவும் செய்யவில்லை. எலும்பு முறிந்த சத்தம் வாத்தியாருக்கு நன்றாகக் கேட்டது. அறுபத்தெட்டு வயதிலும் கை சொன்ன இடத்துக்குப் போகிறதே என்று ஒரு கணம் திருப்தியாகக்கூட இருந்தது.

நாற்பது வருடம் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர் அவர். ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். அந்த மருத்துவ இதழின் அலுவலகத்தில் இருந்தது மூன்று மேசையும் ஒரு கண்ணாடி அலமாரியும்தான். நாற்காலியைத் தூக்கி அலமாரி மேல் வீசினார். கண்ணாடி பொலபொலவென்று சரிந்தது. பைண்டு செய்த பழைய இதழ்கள் தரையில் விழுந்து பிளந்தன.

"எவன்டா போட்டது அதை?"

"போட்டது நான்."

உள்ளறையிலிருந்து ஒல்லியான ஓர் அம்மாள் வந்தாள். டாக்டர், இதழின் ஆசிரியர். நேராக வடிவமைப்பவரிடம் போய் அவர் தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கை அழுத்திப் பிடித்தாள்.

"இவருக்குப் பஞ்சு வைக்கணும். அதுவரைக்கும் வேற ஏதாவது உடைங்க. அந்த ஃபேன் ரொம்பப் பழசு. அதை உடைச்சா புதுசு கிடைக்கும்."

வாத்தியார் மடித்து வைத்திருந்த இதழைச் சட்டைப் பையிலிருந்து உருவி மேசையில் அடித்தார். அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். நான்காம் நோயாளி, அறுபத்தொரு வயது ஆண், முன்னாள் குத்துச்சண்டை வீரர். வலது காதில் பாதி இல்லை. ஒன்பதாம் நாள், அவர் விருப்பப்படி செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்டது.

தம்பி இறந்த இந்த இரண்டு வருடமாக உறவினர் எல்லாரிடமும் அவர் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி வந்தார். 'என் தம்பி கடைசி மூச்சு வரைக்கும் போராடித்தான் போனான்.' போன வாரம் வீடு நிறைய ஆட்கள் கூடியிருந்தபோது, டாக்டருக்குப் படிக்கும் தங்கை மகள் இந்த இதழை நீட்டினாள். "பெரிய மாமா, இது நம்ம சின்ன மாமாதானே?" எல்லார் கண்ணும் அவர் மேல் இருந்தது. தோற்று ஒதுங்கினான் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவனைப் பற்றியும் யாரும் சொன்னதில்லை.

"எட்டு நாள் அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே கிடந்தேன். ஒன்பதாம் நாள் குளிச்சிட்டு வரலாம்னு வீட்டுக்குப் போனேன். அந்த ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. இது கொலை. இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கு."

"கொலைன்னு நீங்க மட்டும் சொல்லல. கட்டுரையைப் பரிசீலிச்ச மூணு டாக்டர்ல ஒருத்தர் அதையேதான் எழுதினார். பதினாலு மாசம் சண்டை. எங்க ஆசிரியர் குழுவுல ஒருத்தர் ராஜினாமாவே பண்ணிட்டார். அந்த எதிர்ப்பையும் எதிர்ப்பக்கத்துலயே போட்டிருக்கோம். பொய்னு தெரிஞ்சா வாபஸ் வாங்குவோம். பிடிக்கலைன்னா வாங்க மாட்டோம்."

மேசை மேல் இருந்த பித்தளைப் பேப்பர்வெயிட் கைக்கு அகப்பட்டது. வீசினார். அது அவள் புருவத்தை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. கோடு போட்டாற்போல் ரத்தம் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அவள் பின்வாங்கவில்லை.

"பேரை மறைச்சிட்டுக் காதைப் போட்டா அது பேரைப் போட்ட மாதிரிதானடி! அதையாவது எடுத்திருக்கக் கூடாதா?"

"எடுத்தோம்யா. மூணு தடவை எடுத்தோம். மூணு தடவையும் கட்டுரை எழுதின டாக்டருங்க திருப்பிச் சேர்த்து அனுப்பினாங்க. ஏன்னு கேட்டதுக்கு இதை அனுப்பினாங்க."

ரத்தக் கையாலேயே ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தன்னைப் பற்றி எழுதலாம் என்று நோயாளி தரும் சம்மதப் படிவம் அது. அடியில் தம்பியின் கோணல் எழுத்து.

'காதை எடுக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் நான்தான் என்று அண்ணன் நம்ப மாட்டான். வந்து உடைப்பான். உடைத்து முடித்ததும் இதைக் காட்டுங்கள். ஒன்பது நாள் சுவாசக் கருவியில் வைத்துப் பாருங்கள். பத்தாவது ரவுண்டு வேண்டாம். இந்தத் தடவை துண்டை நானே எறிகிறேன்.'

வாத்தியாரின் கை தானாகத் தோளுக்குப் போனது. தம்பிக்குப் பயிற்சியாளராக மேடையோரம் நின்ற அன்றைக்குத் துண்டு அங்கேதான் கிடந்தது. ஒன்பதாவது ரவுண்டு முடிந்தபோது தம்பியின் இடது கண் வீங்கி மூடிவிட்டது. வலது கண்ணால் அண்ணனைப் பார்த்தான். துண்டை மேடையில் எறிந்தால் சண்டை நின்றிருக்கும். "எழுந்திரிடா" என்றார் இவர். பத்தாவது ரவுண்டில் அந்த இடது கண் ஒரேயடியாகப் போயிற்று. வலிக்கிறது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

கண்ணாடித் தூள் மேலேயே உட்கார்ந்தார். உள்ளங்கை கிழிந்தது.

"போலீஸைக் கூப்பிடவா மேடம்?" பஞ்சடைத்த மூக்கோடு வடிவமைப்பவர் கேட்டார்.

"கூப்பிடுப்பா," என்றார் வாத்தியார். "உன்னை அடிச்சது தப்பு. நான் எங்கயும் ஓட மாட்டேன்."

"அவங்க வர்றதுக்குள்ள ஏதாவது எழுதணும்னா எழுதுங்க," என்றாள் டாக்டரம்மா. "நானூறு சொல்லுக்குள்ள ஒரு கடிதம். எங்களை எதிர்த்து எழுதினாலும் அடுத்த இதழ்ல போடுவேன். வசவு மட்டும் வேண்டாம்."

அவள் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டார். நாலே வரி எழுதினார். 'நான்காம் நோயாளி பயந்தவன் இல்லை. பத்தாவது ரவுண்டை நான் நிறுத்தவில்லை. அதனால் அவனே நிறுத்திக்கொண்டான். இதைப் பற்றி என் வீட்டில் யாரும் தலைகுனிய வேண்டாம்.'

அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு வரி," என்றாள். இன்னொரு தாளையும் நகர்த்தினாள். "கடிதம் எழுதறவங்களுக்கும் நோயாளிக்கும் என்ன தொடர்புன்னு எழுதணும். அது இல்லாம அச்சில ஏத்த மாட்டோம்."

'அண்ணன்' என்று எழுதினார். தாளில் ரத்தம் சொட்டியது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, எழுதியதை அடித்தார். அதற்குக் கீழே தெளிவாக எழுதினார்.

'பதினோரு வயதில் அந்தக் காதைக் கடித்தவன்.'